கணினித் திரையின் பழுதறிதல்: ஒரு வரலாறு

கணினியில் எந்த உறுப்பு கெட்டாலும் அந்தச் செய்தியைப் பயனருக்குச் சொல்வது திரைதான். திரையே கெட்டுவிட்டால் சொல்வதற்கு ஆளில்லை. 1981-ல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது இந்தச் சிக்கலுக்கு ஒலியால் விடை கண்டார்கள். கணினியை இயக்கியதும் அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். காட்சி அட்டையில் குறை இருந்தால் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழும். ஆனால் அந்த ஒலி அட்டையைப் பற்றி மட்டுமே பேசும். அட்டை நன்றாக இருந்து, வெளியே மேசைமேல் இருக்கும் திரை இறந்து கிடந்தால் கணினிக்கு அது தெரியாது. அன்று கம்பிவடம் வழியே போனது ஒருவழிச் செய்திதான்.

எனவே கறுத்த திரைக்கு முன் உட்காரும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இன்றுவரை மாறவில்லை: கெட்டிருப்பது கணினியா, வடமா, திரையா? நன்றாக வேலை செய்யும் வேறொரு திரையை மாட்டிப் பார்ப்பதே இதற்கு நிச்சயமான வழி. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே ஏராளமான திரைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில பிரித்த பிறகுதான் உண்மையாகவே கெட்டுப்போயின.

படக்குழாய்க் காலம்

1897-ல் ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய எதிர்மின் கதிர்க் குழாயே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மின்னணுக் காட்சியின் அடிப்படையாக இருந்தது. 1959-ல் அறிமுகமான பிடிபி-1 போன்ற தொடக்கக் காலக் கணினிகளோடு வந்த வட்டத் திரைகளை அந்தந்த நிறுவனத்தின் பொறியாளர்களே பராமரித்தார்கள். 1970-ல் விடி05, 1978-ல் விடி100 போன்ற முனையங்கள் வந்து, பிறகு வீட்டுக் கணினிகள் பரவியபோது திரைகள் தெருக்கடைக்கு வந்தன. அங்கே அவற்றைப் பழுது பார்க்க ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்கள் தொலைக்காட்சிப் பழுதுபார்ப்பவர்கள்.

கணினித் திரை என்பது அலைவாங்கி இல்லாத தொலைக்காட்சி என்று சொன்னால் பெரிய பிழை இல்லை. ஆகவே தொலைக்காட்சியில் கற்ற நோய்க்குறிகள் இங்கும் செல்லுபடியாயின. திரையின் நடுவே படுக்கையாக ஒரே ஒரு வெண்கோடு மட்டும் தெரிந்தால் மேல்கீழாகக் கதிரை இழுக்கும் சுற்று நின்றுவிட்டது என்று பொருள். படம் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை; இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தாற்போல் இருந்தால் பச்சை வரவில்லை; பச்சை கலந்த நீலமாக இருந்தால் சிவப்பு வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் படம் திரும்பி வந்தால் எங்கோ ஒரு பற்றவைப்பு விண்டிருக்கிறது. பழுதுபார்ப்பவர்கள் இதை 'டிரை சால்டர்' என்பார்கள். வெப்பத்தால் விரிந்தும் குளிர்ந்தால் சுருங்கியும் ஈயப் பற்றவைப்பில் விழும் இந்த மயிரிழை விரிசல், கனமான உயர் மின்னழுத்த மின்மாற்றியின் கால்களைச் சுற்றியே பெரும்பாலும் இருக்கும். தட்டிப் பார்ப்பதை அறியாமை என்று சிரிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஓர் ஒழுங்கான சோதனை. தட்டியதும் சரியாகிவிட்டதே என்று அத்தோடு நிறுத்திவிடுவதுதான் தவறு.

இந்த அறிவில் ஒரு பகுதி அச்சிலும் இருந்தது. 1946-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் சாம்ஸ் என்பவர் தொடங்கிய 'போட்டோஃபேக்ட்' வரிசை, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் சுற்று வரைபடங்களையும் அளவிட வேண்டிய மின்னழுத்தங்களையும் தொகுத்து விற்றது. 1980களில் அதே நிறுவனம் கணினிகளுக்கும் திரைகளுக்கும் 'கம்ப்யூட்டர்ஃபேக்ட்ஸ்' வெளியிட்டது. 1990களில் சாமுவேல் கோல்ட்வாசர் திரைப் பழுதுநீக்கம் குறித்து எழுதி இணையத்தில் இலவசமாக வெளியிட்ட நீண்ட குறிப்புகள், வரைபடம் கிடைக்காத திரைகளோடு மல்லாடியவர்களுக்குப் பெரிய துணையாயின. அக்குறிப்புகளில் பாதுகாப்பு பற்றிய பகுதிக்கு முக்கிய இடம் உண்டு. அதற்குக் காரணம் இருந்தது.

வண்ணப் படக்குழாயின் நேர்மின் முனையில் ஏறத்தாழ 25,000 வோல்ட் இருக்கும். குழாயின் கண்ணாடியும் அதன் உள்ளும் புறமும் பூசப்பட்ட கரிப்பூச்சும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகவே செயல்படுவதால், மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சட்டத்தோடு கம்பியால் இணைத்த திருப்புளியை ரப்பர் மூடியின் அடியில் செருகி அதை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். இதைவிட ஆபத்தானது, பலர் பொருட்படுத்தாத இன்னோர் இடம். 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கித் தேக்கி வைக்கும் முதல் மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் இருக்கும். மின்னழுத்தம் குறைவுதான், ஆனால் தேங்கியுள்ள ஆற்றல் இதயத்தை நிறுத்தப் போதுமானது. ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் அளவிடு என்பது பழுதுபார்ப்பவர்களிடையே வழங்கிய பாடம். இரு கைகளுக்கும் இடையே மின்சாரம் பாய்ந்தால் அது நெஞ்சின் வழியாகப் போகும் என்பதே அதன் காரணம். அதிர்ச்சியில் கையை உதறும்போது குழாயின் மெல்லிய கழுத்து உடைந்து, வெற்றிடக் கண்ணாடி உள்நோக்கி வெடிப்பதும் உண்டு.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 1967-ல் அமெரிக்காவில் சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அளவுக்கு மீறி ஊடுகதிர் வெளியிடுவது தெரியவந்தது. அடுத்த ஆண்டே அதற்கென ஒரு சட்டம் வந்தது. பெட்டியின் பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் மணிக்கு 0.5 மில்லிராண்ட்ஜனுக்கு மேல் கதிர்வீச்சு இருக்கக்கூடாது என்ற வரம்பு விதிக்கப்பட்டது. உயர் மின்னழுத்தம் எல்லை தாண்டினால் திரையைத் தானாகவே அணைத்துவிடும் காப்புச் சுற்றுகள் இதையொட்டி வழக்கத்துக்கு வந்தன. இயக்கியதும் ஒரு நொடி உயிர் பெற்று உடனே அணையும் படக்குழாய்த் திரை பல வேளைகளில் இந்தக் காப்புச் சுற்றின் வேலையாக இருக்கும். அந்தச் சுற்றைத் துண்டித்துவிட்டால் திரை ஒளிரும். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு போவார். அப்படிச் செய்வது பழுதுநீக்கம் ஆகாது.

மென்பொருளால் கெட்ட திரைகள்

நிரலால் வன்பொருளை உடைக்க முடியுமா என்ற கேள்விக்குத் திரைகளின் வரலாறு முடியும் என்றே விடை சொல்கிறது. 1977-ல் வெளிவந்த கமடோர் பெட் கணினியில் நினைவகத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஓர் எண்ணை எழுதினால் எழுத்துகள் வேகமாகத் திரையில் வரும் என்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். பின்னர் வந்த மாதிரிகளில் காட்சிச் சுற்று மாற்றப்பட்டிருந்தது. அதே கட்டளை அங்கே படத்தைக் குலைத்தது. விட்டு வைத்தால் உள்ளிணைந்த திரைக்கே கேடு வரலாம் என்ற நிலை. 'கொல்லும் போக்' என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

ஐபிஎம் பிசியின் பச்சை நிற 5151 திரையின் கதையும் இதை ஒத்தது. அது நொடிக்கு 18,432 கோடுகள் என்ற வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. வண்ணக் காட்சி அட்டையோ சுமார் 15,700 கோடுகள்தான் அனுப்பும். ஆனால் இரண்டுக்கும் ஒரே 9 முனை இணைப்பான். தவறான அட்டையில் மாட்டினால் தடையின்றிப் பொருந்தும். அத்திரையில் கிடைக்கோட்டுச் சுற்று வெளியிலிருந்து வரும் ஒத்திசைவுத் துடிப்பை நேரடியாக நம்பியிருந்தது. துடிப்பு தவறினால் கீச்சென்ற ஒலி எழும். நெடுநேரம் விட்டால் உறுப்புகள் சூடேறிக் கருகலாம். இரண்டுக்கும் வேறுவேறு இணைப்பான் வைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

1985-ல் என்இசி வெளியிட்ட மல்டிசிங்க், வரும் துடிப்பின் வேகத்தை அறிந்து அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. 1987-ல் வந்த விஜிஏ 15 முனை இணைப்பானைத் தந்தது. இருந்தும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. 1990களில் லினக்ஸ் நிறுவியவர்கள், எக்ஸ்ஃப்ரீ86 வரைகலைச் சூழலுக்காகத் தங்கள் திரையின் கிடைக்கோட்டு வேகத்தையும் புதுப்பிப்பு வேகத்தையும் கையாலேயே எழுதித் தர வேண்டியிருந்தது. தவறான எண்கள் திரையைக் கெடுக்கலாம் என்ற எச்சரிக்கை ஆவணங்களிலேயே இருந்தது. கையேடு தொலைந்துபோன திரையோடு ஊகித்து ஊகித்து எண்களை இட்டு, உள்ளே ஏதாவது கீச்சிடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. 1994-ல் வீசா கூட்டமைப்பின் டிடிசி நெறிமுறை வந்த பிறகுதான் திரை தன் எல்லைகளைக் கணினிக்குத் தானே சொல்லத் தொடங்கியது. ஒருவழிப் பாதை இருவழியானது. இன்று 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்ற எழுத்து மட்டும் தோன்றி நின்றுபோகும் திரை, அன்றைய திரைகள் கருகிய இடத்தில் பாதுகாப்பாகப் பின்வாங்கிக்கொள்ளும் திரை.

பழுதல்லாத பழுதுகள்

கடைக்கு வந்த திரைகளில் ஒரு பங்கு கெடவே இல்லை. சோனியின் டிரினிட்ரான் வகைக் குழாய்களில் திரையின் குறுக்கே மிக மெல்லிய ஒன்றிரண்டு நிழல் கோடுகள் தெரியும். உள்ளே செங்குத்தாக இழுத்துக் கட்டிய கம்பிகள் அதிராமல் பிடிக்கும் கம்பியின் நிழல் அது. விலையுயர்ந்த திரையை வாங்கியவர்கள் அதைக் குறை என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒலிபெருக்கியை அருகில் வைத்ததால் மூலையில் வண்ணத் திட்டு விழுந்த திரைகளும் அப்படியே. குழாயினுள் உள்ள உலோக மறைப்பு காந்தமேறிவிடுவதே அதன் காரணம். இயக்கும்போது 'டொங்' என்று எழும் ஒலி, காந்தநீக்கச் சுருளில் ஒரு கணம் பாயும் மின்சாரத்தின் ஒலி. புவியின் காந்தப்புலமே கதிரைச் சற்று விலக்குவதால் வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் திரைகளைத் தனித்தனியாகச் சீர்செய்து அனுப்பும் வழக்கமும் இருந்தது.

மீளாத பழுது ஒன்று உண்டு. ஒரே படம் நாள்கணக்கில் நின்றால் அந்த இடத்தில் ஒளிர்பொருள் தேய்ந்து, திரையை அணைத்த பிறகும் எழுத்துகளின் தடம் தெரியும். இதற்கு மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும். 1983 டிசம்பரில் 'சாஃப்டாக்' இதழில் ஜான் சோச்சா வெளியிட்ட சிறு நிரல், மூன்று நிமிடம் விசை எதுவும் தட்டப்படாவிட்டால் திரையைக் கறுப்பாக்கியது. திரைக்காப்பு என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் அதுதான். பறக்கும் ரொட்டி சுடுகலன்கள் எல்லாம் பிறகு வந்த அலங்காரம்.

1992-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எனர்ஜி ஸ்டார் முத்திரையைத் தொடங்கியபோது முதலில் அதைப் பெற்றவை கணினிகளும் திரைகளும்தான். துடிப்பு வராதபோது திரை உறங்கப் பழகியது. அதுவரை கறுத்த திரை என்றால் ஒரே பொருள். இப்போது இறந்ததும் உறங்குவதும் பார்வைக்கு ஒன்றாயின. விளக்கின் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. பச்சை அல்லது நீல விளக்கு எரிந்தும் படமில்லை என்றால் திரையைச் சந்தேகிக்கலாம். ஆரஞ்சு நிறமென்றால் கணினியையும் வடத்தையும் பார்க்க வேண்டும். விளக்கே எரியாவிட்டால் மின்வழங்கி.

உப்பிய மின்தேக்கிகள்

2000களின் நடுப்பகுதிக்குள் நீர்மப் படிகத் திரைகள் படக்குழாயை மேசையிலிருந்து தள்ளிவிட்டன. 25,000 வோல்ட் போயிற்று, எடை போயிற்று. பழுதுகளும் போய்விடும் என்று நினைத்தார்கள். ஆனால் இரண்டே ஆண்டில், மூன்றே ஆண்டில் இறக்கும் திரைகள் கடைகளில் குவிந்தன. குறிகள் ஒரேமாதிரி இருந்தன. விளக்கு விட்டுவிட்டு மின்னும். படம் வரப் பத்து நிமிடம் ஆகும். நாளுக்கு நாள் அந்த நேரம் நீளும். ஒருநாள் வராமலே போகும். பின்மூடியைத் திறந்தால் மின்வழங்கிப் பலகையில் நிற்கும் சிறிய உருளைகளில் இரண்டு மூன்றின் தலை உப்பியிருக்கும். சிலவற்றில் பழுப்புக் கசிவு காய்ந்திருக்கும்.

இவை அலுமினிய மின்பகுபொருள் மின்தேக்கிகள். கடையில் கெப்பாசிட்டர் என்றால்தான் கிடைக்கும். அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலமே இதில் காப்புப் பொருள். இரு தகடுகளுக்கும் இடையே மின்பகுநீர்மத்தில் ஊறிய தாள். 1990களில் நீர் மிகுந்த மின்பகுநீர்மங்கள் வந்தன. அவற்றின் உள்தடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அந்த வினையைத் தடுக்கும் சேர்பொருள்களைச் சரியான அளவில் கலப்பதில்தான் தயாரிப்பாளரின் திறமை இருந்தது. அது தவறினால் வாயு சேர்ந்து உருளையின் தலையை உப்ப வைக்கும். தலையில் கீறப்பட்டிருக்கும் குறுக்குக் கோடுகள், வெடிப்பதற்கு முன் வாயு வெளியேற வேண்டும் என்பதற்காகவே வைத்த வழி.

2002-ல் துறைசார் இதழொன்றும் 2003-ல் 'ஐட்ரிபிள்இ ஸ்பெக்ட்ரம்' இதழும் இச்சிக்கலை வெளிக்கொணர்ந்தன. அப்போது பரவிய கதை இது: ஜப்பானிய நிறுவனமொன்றின் மின்பகுநீர்மச் சூத்திரம் சீனாவுக்குப் போய், அங்கிருந்து தைவானுக்குக் கடத்தப்பட்டது, நகலெடுத்தவர்களிடம் சூத்திரம் முழுமையாக இல்லை, தடுப்புச் சேர்பொருள் விடுபட்டிருந்தது. துப்பறியும் நாவலைப் போன்ற இந்தக் கதை இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எந்த நீதிமன்றத்திலும் அது மெய்ப்பிக்கப்படவில்லை. குறையுள்ள மின்தேக்கிகளில் தடுப்புச் சேர்பொருள் போதாமல் இருந்தது என்பது வேதியியல். அதைத் திருடியவர் யார் என்பது கதை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிச் சொல்வது தயாரிப்பாளர்கள் பலருக்கு வசதியாகவும் இருந்தது எனலாம். 2005-ல் டெல் நிறுவனம் தன் மேசைக் கணினிகளில் கெட்ட மின்தேக்கிகளுக்காகச் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்கியபோது, அந்த விவகாரத்தில் பேசப்பட்டவை ஜப்பானியத் தயாரிப்புகள்.

திரைகளில் வடிவமைப்பும் குற்றவாளிதான். இத்தகைய மின்தேக்கி ஒன்றின் ஆயுளை 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறிப்பார்கள். வெப்பம் 10 பாகை குறையுந்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி 65 பாகையில் அது 32,000 மணி நேரம் உழைக்கும். 85 பாகையில் 8,000 மணிதான். மெலிந்த பெட்டிக்குள், விசிறி இன்றி, வெப்பத் தகட்டை ஒட்டியே மின்தேக்கியை நிறுத்தினால் நல்ல தயாரிப்பும் விரைவில் சாகும். சில காசுகள் மிச்சம் பிடிக்க 85 பாகை வகையைப் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

நிவாரணம் எளிது, மலிவு. அதே கொள்திறன், அதே அல்லது சற்றுக் கூடிய மின்னழுத்தம், 105 பாகை, குறைந்த உள்தடை என்று கேட்டு வாங்கி, கோடிட்ட பக்கம் எதிர்முனை என்பதைப் பார்த்துப் பற்றவைத்தால் பெரும்பாலும் திரை பிழைத்துக்கொள்ளும். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் ஒரு திரைக்கு வேண்டிய மின்தேக்கிகள் எல்லாம் சேர்ந்தும் சிற்றுண்டிச் செலவுக்கு மேல் ஆகாது. உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு அதே வரிசையில் பிறந்த மற்றவற்றை விட்டுவைப்பதும், பழைய உருளைக்குப் புது உறை போட்ட போலிகளை வாங்குவதுமே திரை மறுபடி கடைக்கு வரக் காரணங்கள். தலை உப்பாமலே கெட்டவையும் உண்டு. கொள்திறனை அளந்தால் சரியாகக் காட்டும். உள்தடை மட்டும் பலமடங்கு ஏறியிருக்கும். அதை அளக்கும் தனிக் கருவி அந்த ஆண்டுகளில்தான் சிறு கடைகளுக்குள்ளும் வந்தது.

இதே காலத்தின் இன்னொரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. அன்றைய திரைகளின் பின்னொளி, பாதரச ஆவி கொண்ட மெல்லிய குளிர்முனைக் குழல்களிலிருந்து வந்தது. அவற்றை எரிய வைக்கப் பல நூறு வோல்ட் தரும் இன்வெர்ட்டர் பலகை உள்ளே இருக்கும். படம் ஓரிரு நொடி வந்து மறைந்தால், இருட்டறையில் கைவிளக்கைத் திரைமேல் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பார்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பலகமும் கணினியும் நலம். ஒளி மட்டுமே இல்லை. குழல்களில் ஒன்று பழுதானாலும் காப்புச் சுற்று எல்லாவற்றையும் அணைத்துவிடும் என்பதால், நான்கில் ஒரு குழலுக்காக முழுத் திரையும் எறியப்பட்டது உண்டு.

புள்ளிகளைப் பற்றிய வழக்கு

நீர்மப் படிகத்தோடு வந்த புதுச் சச்சரவு இறந்த புள்ளிகள். 1280-க்கு 1024 திரையில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட படப்புள்ளிகள்; ஒவ்வொன்றிலும் மூன்று துணைப்புள்ளிகள். எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்று வாங்குபவர் நினைப்பது இயல்பு. 2001-ன் ஐஎஸ்ஓ 13406-2 தரம், இரண்டாம் வகுப்புத் திரைகளில் 10 லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் ஒளிர்பவை 2, எப்போதும் இருண்டவை 2, துணைப்புள்ளிக் குறைகள் 5 வரை இருக்கலாம் என்றது. விற்பனையாளர்கள் பலர் அந்த வகுப்பையே பின்பற்றினார்கள். புதுத் திரையின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டு கடைக்கு ஓடியவருக்கு அது பழுதே அல்ல என்று பதில் கிடைத்தது. 2008-ல் ஐஎஸ்ஓ 9241-307 இதன் இடத்துக்கு வந்தது.

கடைக்கு எட்டாத பழுதுகள்

2010-ஐ ஒட்டி ஒளியுமிழ் டையோடுகள் குழல்களை நீக்கின. பாதரசமும் இன்வெர்ட்டரும் போயின. தொடராக இணைத்த டையோடுகளில் ஒன்று அறுந்தால் அந்த வரிசையே இருளும் என்பது புதுக் குறி. செங்குத்துக் கோடுகள் இன்னும் கடினம். பலகத்தின் விளிம்பில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைக் கொண்ட மெல்லிய படலம் பசைபோல் ஒட்டப்பட்டிருக்கும். சட்டத்தை விரலால் அழுத்தினால் கோடு மறைந்து, விட்டால் திரும்பி வந்தால் அந்த ஒட்டு விலகியிருக்கிறது. பற்றவைப்புக் கோலால் தொடக்கூடிய இடம் அது அல்ல. அதற்கென உள்ள அழுத்து இயந்திரம் வேண்டும். படக்குழாய்க் காலத்துப் பழுதுபார்ப்பவர் டிரான்சிஸ்டரை மாற்றினார். அவருக்குப் பின் வந்தவர் மின்தேக்கியை. இன்று கடையில் பெரும்பாலும் பலகையையே மாற்றுகிறார்கள். பலகம் போனால் அதன் விலை புதுத் திரையின் விலையை நெருங்கும் என்பதால் திரை குப்பைக்குப் போகிறது.

அந்தக் குப்பையும் எளிதான குப்பை அல்ல. ஊடுகதிரைத் தடுப்பதற்காகப் படக்குழாயின் கூம்புக் கண்ணாடியில் ஈயம் சேர்த்திருந்தார்கள். பார்ப்பவரைக் காத்த அதே ஈயம், குழாய்கள் உடைத்து எறியப்படும் இடங்களில் அங்கு வேலை செய்பவர்களுக்கு நஞ்சாகியது. இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கான முதல் தனி விதிகள் 2011-ல் அறிவிக்கப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன.

2021 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் திரைகளுக்கு, கடைசித் திரை சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரி உறுப்புகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. உள் மின்வழங்கி, இணைப்பான்கள் ஆகியவற்றோடு மின்தேக்கிகளும் அந்த உறுப்புகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.